ஊஞ்சல் கம்பியில் தொங்கிய தராசு

ஸ்கீவ, டென்மார்க், 1986

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. காற்று குடையை மறுபக்கம் திருப்பிவிட்டது. பஸ்ஸால் இறங்கி நடந்து முடிவதற்குள் சப்பாத்துக்குள் தண்ணீர்.

குசினியில் உருளைக்கிழங்கு. நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். டேனிஷ் பழகட்டும் என்று மொழிப்பள்ளிக்காரர் என்னை ஊருக்கு வெளியே பெரியவர்கள் தங்கிப் படிக்கும் இந்தப் பள்ளிக்கு வேலை பழக அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை பழகிய சொற்கள்: உருளைக்கிழங்கு, கத்தி, கெதியாக (வேகமாக).

மத்தியானத்துக்கு முன் ஒரு பெண் குசினி வாசலில். கட்டை உருவம், தலையில் துணி, முழங்கால் வரை தொங்கும் ஆண்கள் ஸ்வெற்றர். இந்தோனேசியாவில் கிராமங்களில் சுகாதார வேலை செய்பவர்கள் சிலர் இங்கே படிக்க வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி. அவளுடைய கூட்டாளிக்கு வயிற்றோட்டம். சோறு வடித்த தண்ணீரும் உப்பும் கேட்டாள், பாதி ஆங்கிலம், பாதி கை. குசினிப் பொறுப்பாளர் அவளுக்குக் கோப்பியை நீட்டினார். எனக்கு உடனே விளங்கியது. அரிசியைக் கழுவிப் போட்டுக் குழையக் கஞ்சி வைத்தேன். உருளைக்கிழங்கு பிந்தியது. ஏச்சு. ஏசட்டும்.

பெயர் வார்சி. என்னை "இபு பவானி" என்கிறாள். இபு என்றால் அம்மாவாம், மரியாதைக்கும் அதுதானாம். என்னைவிட இளையவள். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம், ஆனால் போதும்.

வாங்க வேண்டியது: மகள் வானதிக்குக் கையுறை (மூன்றாவது முறை துலைத்துவிட்டாள்), செத்தல் மிளகாய், முத்திரை.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில் வந்து போனது.

வார்சி தன் பெட்டியைத் திறந்து காட்டினாள். உடுப்பு கொஞ்சம். மிச்சம் முழுக்க ஒரு தராசு. வகுப்பில் காட்ட ஜாவாவில் இருந்து தூக்கி வந்திருக்கிறாள். நீட்டு இரும்புத் தண்டு, நகர்த்துகிற குண்டு, கொக்கி. கொக்கியில் மாட்ட ஒரு துணிக் காற்சட்டை, பிள்ளையை அதற்குள் இருத்தத்தான்.

அவள் ஊர் மலையடியில். புகையிலை, மரவள்ளி. மாதம் ஒரு நாள் யாராவது ஒருத்தியின் வீட்டுக் கூரை வளையில் தராசைக் கட்டுவார்கள். ஊரில் உள்ள கைக்குழந்தை எல்லாம் வரும். நிறுத்து, அட்டையில் புள்ளி போட்டு, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார்கள். கோடு மேலே போனால் சந்தோசம். படுத்துவிட்டால் தாயோடு கதை. வீட்டுக்கு ஒரு பிடி பயறு கொண்டுவந்து தேங்காய்ப்பாலில் காய்ச்சி எல்லோரும் குடிப்பது. புருசன் அடிக்கிறானா, கிணறு ஊத்தையா, பிள்ளைக்கு வயிற்றோட்டமா, எல்லாம் அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதுதான் வெளியே வருமாம்.

"டொக்டர் எப்போது வருவார்?" என்று கேட்டேன்.

"நேர்ஸ் ஊசி போட வருவார். மழை என்றால் பாதை இல்லை. நாங்களே செய்வோம்."

"நாங்கள் என்றால்?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

எங்கள் ஊரிலும் கிளினிக் இருந்தது. மிட்வைஃப் சைக்கிளில் வருவா. வரிசையில் நிற்போம், ஏச்சு வாங்குவோம், அட்டையை அலுமாரிக்குள் வைப்போம். அடுத்த வீட்டு அட்டையை யாரும் பார்ப்பதில்லை.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே நினைப்பு.

ஒக்டோபர் 12, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தல். இவருக்கு இன்று மீன் தொழிற்சாலை லீவு, நித்திரை.

மேல்வீட்டில் ரஞ்சியின் பிள்ளை விடியலில் இருந்து அழுகிறது. ரஞ்சிக்கு இருபத்திரண்டு வயது. போன மாரியில் புருசன் குலத்திடம் வந்து சேர்ந்தவள், ஆவணியில் பிள்ளை பிறந்தது. வந்த புதிதில் படியில் கண்டால் நின்று கதைப்பாள், சிரிப்பாள். இப்போது தட்டினாலும் திறப்பதில்லை. இன்றைக்கும் தட்டினேன். குலம்தான் கதவைக் கொஞ்சம் நீக்கினான்.

"அவவுக்குக் குளிர் ஒத்துவரேல்லை அக்கா. படுத்திருக்கிறா."

"பிள்ளை ஏன் இப்பிடி அழுது?"

"பிள்ளையெண்டா அழும்தானே."

கதவு சாத்தப்பட்டது. அவனுக்குப் பின்னால் யன்னல் சீலை எல்லாம் இழுத்து மூடி, பட்டப்பகலில் வீடு இருட்டு.

வானதிக்குப் பள்ளி விடுமுறை. கணக்குச் சொல்லிக் கொடுத்தால் டேனிஷில் மறுமொழி. "நை, மோ" என்கிறாள், இல்லை என்று. அம்மா "மோ" ஆகிவிட்டேன்.

ஒக்டோபர் 15, புதன்

வார்சியிடம் ரஞ்சியைப் பற்றிச் சொன்னேன். கதவு திறக்காவிட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன்.

அவள் ஊரில் ஒரு மாமியார் மருமகளை வெளியே விடவில்லையாம். பிள்ளைக்குக் கழிச்சல், தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று மறித்துவிட்டாராம். வார்சி போய் வாசலில் இருந்திருக்கிறாள். போ என்றால் போகவில்லை. அங்கே கிடந்த மரவள்ளி இலையை எடுத்து ஆயத் தொடங்கினாளாம். அடுத்த நாளும் போய் ஆய்ந்தாள். கடைசியில் மாமியாருக்கே அலுத்துப்போய், "உள்ளே வந்து தொலை" என்றாராம். உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டியால் பருக்கிக்கொண்டே மாமியாரையும் பருக்கப் பழக்கினாளாம்.

"பிள்ளை தப்பியதா?"

"இப்போது என் கோழிகளைக் கல்லால் எறிகிறான்."

முடிவு: இங்கேயும் நிறுப்பது. எங்கள் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் பொது அறையில், தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு. ரஞ்சியை மட்டும் கூப்பிட்டால் வரமாட்டாள். எல்லோரும் வந்தால் வரக்கூடும்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். மீனில் முள் எடுத்துக்கொண்டு, "உமக்கேன் இந்த வேலை? நீர் என்ன டொக்டரா?" என்றார்.

"இல்லை. பக்கத்து வீட்டுக்காரி."

அடுத்த முள்ளை எடுத்தார்.

ஒக்டோபர் 18, சனி

பொது அறைப் பூட்டின் திறப்பு சிவஞானம் அண்ணையிடம். இந்தப் பட்டணத்துக்கு முதல் வந்த தமிழர் அவர். எங்களுக்கு வீடு எடுத்துத் தந்தது, கோட்டு வாங்கித் தந்தது, கொம்யூன் என்கிற நகரசபை, பொலிஸ் என்று கந்தோர் கந்தோராகக் கூட்டிக்கொண்டு திரிந்தது எல்லாம் அவர்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் அவரே. அதை நான் மறக்கவில்லை. மறக்காமல்தான் போனேன்.

தேத்தண்ணி தந்தார்.

"திறப்பு என்னத்துக்கு தங்கச்சி?"

"பிள்ளையளின்ர நிறை பாக்க அண்ணை. பொம்பிளையள் கொஞ்சப்பேர் சேந்து."

"அதுக்குத்தானே கொம்யூன் நேர்ஸ் வீட்டை வாறா."

"வாறா, போறா. எங்கட ஆக்கள் 'யா, தக்' எண்டு நன்றி சொல்லிச் சிரிச்சுப்போட்டுக் கதவைச் சாத்துகினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை."

"சொல்லாமல் விடுறது நல்லதுதான்." குரலைத் தாழ்த்தினார். "கனபேரின்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பேப்பரில எங்களைப் பற்றி என்னென்ன எழுதுறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ள நடக்கிறதை வெளியில விட்டா, தமிழருக்குப் பிள்ளை வளக்கத் தெரியாதெண்டு சொல்லுவாங்கள். பிறகு கொம்யூன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்."

"ஆற்ற பிள்ளையை அண்ணை?"

கோப்பைக்குள் பார்த்தார். அவருக்குத் தெரியும். குலம் அவருக்கு மருமகன் முறை. தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறார்.

"திறப்பு தரமாட்டன் தங்கச்சி. கோவிக்காதையுங்கோ."

"கோவிக்கேல்லை. திறப்பு இல்லாமலும் செய்யலாம்."

எழும்பி வந்துவிட்டேன். பாதித் தேத்தண்ணி அப்படியே. வாசலில் சப்பாத்துப் போடும்போது கயிற்றை இழுத்து அறுத்துவிட்டேன். ஆத்திரம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காற்று. பள்ளிக்கு ரெலிபோன் பண்ணி வரவில்லை என்று சொன்னேன். சுகமில்லையா என்று கேட்டார்கள். சுகம்தான், வேறு வேலை இருக்கிறது என்றேன். அப்படிச் சொல்லக்கூடாதாம்.

குலம் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனபின் கத்தி, பலகை, ஒரு கட்டு லீக்ஸ் எடுத்துக்கொண்டு ரஞ்சி வீட்டுக் கதவுக்கு முன்னால் படியில் இருந்தேன். தட்டவில்லை. வெட்டத் தொடங்கினேன். படிக்கட்டு விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணையும், எழும்பிப் பொத்தானை அமத்த வேண்டும். அணைய அமத்த, அணைய அமத்த. எதிர்வீட்டு டேனிஷ் கிழவர் நாயோடு வந்து என்னைக் கடந்து போனார். திரும்பி வரும்போதும் நான் அங்கேயே. "குட் அப்பெற்றிற்" என்றார், நன்றாகச் சாப்பிடு என்று.

கடைசியில் கதவு.

"அக்கா, ஏன் படியில இருக்கிறியள்? சனம் என்ன நினைக்கும்?"

"லீக்ஸ் வெட்டுறன். வீட்டுக்குள்ள வெட்டினா கண் எரியுது."

பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமயிர் வாரி இழுத்து எத்தனை நாளோ. சட்டையில் பால் காய்ந்த மணம். பிறகு வழி விட்டாள்.

பிள்ளை கட்டிலில். கண் மட்டும் பெரிது, கால் இரண்டும் குச்சி. நான் தூக்கினேன். ரஞ்சி தள்ளிப்போய்க் கதிரையில் இருந்தாள், யாருடைய பிள்ளையோ என்ற மாதிரி.

"இவள் அழேக்க எனக்கு ஒண்டும் வருகுதில்லை அக்கா. நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு. பால் குடுக்க எழும்போணும் எண்டு தெரியுது. கால் எழும்புதில்லை."

"நித்திரை?"

"இல்லை." பிறகு: "பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பை அவரிட்டக் குடுத்திட்டன். குளிருது எண்டு சொல்லி. குளிரில்லை அக்கா. எனக்கு என்னிலயே பயமாக் கிடக்கு."

ரஞ்சி வீடு மூன்றாம் மாடி.

டொக்டரிடம் போவோம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அக்கா. பிள்ளையை எடுத்துப்போடுவாங்கள். சிவஞானம் மாமா சொன்னவர்."

பாலைக் கரைத்துப் பருக்கினேன். ரஞ்சிக்குச் சோறு, லீக்ஸ் வறை, முட்டை. அரைவாசி சாப்பிட்டாள். குலம் வரும்வரை அங்கேயே இருந்தேன். அவன் என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. பலகையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

இதை எழுதும்போதும் என் காது மேல்வீட்டில்.

ஒக்டோபர் 23, வியாழன்

நேற்றும் இன்றும் காலையில் குலம் போனதும் ரஞ்சியையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். சோபாவில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். பார்க்கட்டும், என் கண்முன்னால் பார்க்கட்டும்.

கிர்ஸ்டனுக்கு ரெலிபோன் எடுத்தேன், வீடு வீடாக வரும் நேர்ஸ் அவதான். பெயர் சொல்லாமல் கேட்டேன், வசனத்தை முதலே எழுதி வைத்து வாசித்தேன்: ஒரு தாய்க்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மனம் சரியில்லை என்றால் பிள்ளையைப் பறிப்பீர்களா?

மெதுவாக, எனக்கு விளங்கும் சொற்களால் சொன்னா. இல்லை. இது டென்மார்க் தாய்மாருக்கும் வருவதுதான். ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்திருக்கலாம். அந்தத் தாய் தனியாக இருக்கக்கூடாது. கெதியாக வரச் சொல்.

"கெதியாக" எனக்குத் தெரிந்த சொல்.

ரஞ்சியிடம் அப்படியே சொன்னேன். நம்பியமாதிரித் தெரியவில்லை. ஆனால் "ஒண்டாவோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். யோசிக்கிறேன் என்றாள். சனி, ஞாயிறு குலம் வீட்டில், தனியாக இருக்கமாட்டாள். திங்களுக்கு டொக்டரிடம் நேரம் எடுத்து வைத்துவிட்டேன், அவளைக் கேட்காமலே. வராவிட்டால் நான் போய் இருந்து கதைத்துவிட்டு வருவேன்.

சனிக்கிழமை பிள்ளைகளை நிறுக்கிறோம் என்று எல்லாத் தமிழ் வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னேன். "எங்க வைச்சு?" "வெளியில." "குளிரெல்லே?" "போத்திக்கொண்டு வாங்கோ."

ஒக்டோபர் 25, சனி

எழுத நிறைய. கை இன்னும் விறைப்பு.

வார்சி காலை பஸ்ஸில் தராசோடு வந்து இறங்கினாள். எங்கே கட்டுவது என்று சுற்றிப் பார்த்தோம். கட்டடத்தின் நடு முற்றத்தில் பிள்ளைகளின் ஊஞ்சல். இரண்டு ஊஞ்சலையும் மேலே சுருட்டி எறிந்துவிட்டு நடுக் கம்பியில் கயிற்றைப் போட்டாள். இழுத்துத் தொங்கிப் பார்த்தாள், தன் முழு எடையோடும். "நல்ல வளை" என்றாள்.

பயற்றங்கஞ்சி பெரிய சட்டியில், கம்பளியால் சுற்றி. டின் தேங்காய்ப்பால், பரவாயில்லை.

முதலில் யாரும் இல்லை. நானும் வார்சியும் காற்றும். யன்னல்களில் சீலை அசைந்தது, அவ்வளவுதான். வானதி ஒரு பொம்மையைக் காற்சட்டைக்குள் இருத்தி நிறுத்தாள்.

பிறகு ஜெயா வந்தாள், கிறிஸ்தவ சபைக்குப் போகிற ஜெயா, மகனைப் போர்வையில் சுற்றிக்கொண்டு. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஜெயாவின் மகன் காற்சட்டைக்குள் கால் இரண்டும் தொங்க, மந்திரி மாதிரிப் பார்த்தான். சிரித்தோம். கிர்ஸ்டன் எழுதிவிட்டுப் போன நிறையில் இருந்து அட்டையில் கோடு நன்றாக மேலே. எல்லோரும் அவன் அட்டையைக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

சிவஞானம் அண்ணை வந்து நின்றார். கோட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டி.

"தங்கச்சி, வெளியில, வெள்ளைக்காரர் பாக்கப் பாக்க. இது எங்களுக்கு நல்லதில்லை."

"உள்ளுக்கு விடேல்லை அண்ணை. அதாலதான் வெளியில."

"நான் உங்களுக்கு எவ்வளவு செய்தன்."

"ஓம், செய்தியள். அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஒரு கோப்பை கஞ்சி குடியுங்கோ."

குடிக்கவில்லை, போகவும் இல்லை.

அப்போதுதான் ரஞ்சி படியால் வந்தாள். நான் கூப்பிடப் போகவில்லை, தானாக. வீட்டுச் செருப்பு, குலத்தின் ஜக்கெற், உள்ளே பிள்ளை. குலம் கட்டட வாசல் வரை வந்து நின்றுவிட்டான். வார்சி இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையைக் காற்சட்டைக்குள் இருத்திக் குண்டை நகர்த்தினாள். நகர்த்தி, நகர்த்தி, பின்னுக்குக் கொண்டுவந்தாள்.

நாலு கிலோவுக்குக் கீழே. போன மாதம் கிர்ஸ்டன் எழுதியதிலும் குறைவு. அட்டையில் கோடு கீழே இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

ரஞ்சி சொன்னாள், யாரையும் பார்க்காமல்: "நான் நல்ல தாயில்லை. எனக்கு இந்தப் பிள்ளையைத் தூக்க விருப்பமில்லாமல் கிடக்கு. சாகலாம் போலக் கிடக்கு."

காற்றில் தராசுக் கொக்கி கிணுகிணுத்தது. நான் வாயைத் திறக்க முன், ஜெயா.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. மூத்தவன் பிறந்த நேரம். அவனைத் தலைகாணியால அமத்திப்போடுவனோ எண்டு பயந்து நிலத்தில படுத்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. செபம் பண்ணுவன், அழுவன். இண்டைக்குத்தான் சொல்லுறன்."

ஜெயாவைப் பார்த்து வந்தவர்களில் ஒருத்தி கஞ்சிக் கோப்பையை ரஞ்சியின் கைக்குள் வைத்து, அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணை திரும்பி நடந்தார். குலம் வாசலிலேயே நின்றான்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

குலம் கதவடியில். உள்ளே வா என்றால் வரவில்லை.

"அக்கா, தாயையும் பிள்ளையையும் ஒண்டா வைச்சிருப்பினம் எண்டது நிசமோ?"

"நிசம். நான் கேட்டனான்."

"மாமா வேற மாதிரிச் சொல்லுறார்."

"மாமா கேக்கேல்லை. நான் கேட்டன்."

நிலத்தைப் பார்த்தபடி நின்றான். "பல்கனித் திறப்பு என்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு அக்கா. என்னத்துக்குத் தந்தவ எண்டு நேற்றுத்தான் விளங்கினது. நாளைக்கு நானும் வாறன்."

ஒக்டோபர் 27, திங்கள்

டொக்டர். கிர்ஸ்டனும் வந்தா. நான் மொழிபெயர்ப்பு, என் உருளைக்கிழங்கு டேனிஷில். டொக்டர் ஒரு சொல் சொன்னார், பிரசவத்துக்குப் பின் வரும் நோயின் பெயர். அதற்குத் தமிழில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ரஞ்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மனம் களைச்சுப் போச்சாம். வருத்தம்தானாம், உன்ர பிழையில்லையாம். மருந்து இருக்காம்" என்றேன். சரியான மொழிபெயர்ப்போ தெரியாது. ரஞ்சி முதல் தரம் அழுதாள்.

பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரி. தாயும் பிள்ளையும் ஒரே அறை. நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைக்கட்டில் தாய்க் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரம்.

நவம்பர் 1, சனி

வானதி தமிழ் வகுப்புக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தாள். இடமில்லையாம். இதுவரை இருந்த கதிரை இந்தக் கிழமை இல்லை.

"வொஃபோ, மோ?" ஏன் என்று கேட்கிறாள்.

என்ன சொல்ல. "அம்மா ஒரு வேலை செய்தனான். அது அவருக்குப் பிடிக்கேல்லை" என்றேன்.

"கூடாத வேலையோ?" இதைத் தமிழில் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப சரி."

குசினி மேசையில் நானே எழுத்துப் படிப்பித்தேன். ழ வரவில்லை அவளுக்கு. பரவாயில்லை.

கடைக்குப் போகும் வழியில் இரண்டு தமிழ்க் குடும்பம், என்னைக் கண்டதும் மறுபக்க நடைபாதை. ஒருவர் கேட்கும்படியாகவே சொன்னார்: "குடும்பத்தைப் பிரிச்சவ." நான் நின்று, "வணக்கம்" என்றேன், சத்தமாக. வேறு வழியில்லாமல் அவரும் வணக்கம் சொன்னார்.

இவர் எல்லாம் கேள்விப்பட்டு வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "பிள்ளையில ஏன் கோவத்தைக் காட்டுறார் அந்த மனுசன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் வானதியை மடியில் வைத்துக்கொண்டு ழ சொல்லிக் கொடுத்தார். அவருக்கே அது வடிவாக வராது.

நவம்பர் 5, புதன்

உறைபனி. வேலைக்குப் போனேன். மனம் சோர்வு, மறைக்கவில்லை. வார்சி பார்த்துவிட்டாள்.

"உன்னோடு கதைக்கவில்லையா?"

"இல்லை."

வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னாள். அவள் ஊரிலும் பிள்ளை பெறுவதைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம். அதை அவளும் சொல்லிக் கொடுப்பவள்தான், விரும்புகிற பெண்களுக்கு. ஒருமுறை கிராமத் தலைவர் ஜீப்பில் ஆட்களோடு வந்து, நிறை அட்டைகளை எல்லாம் கொடு, யார் யாருக்கு எத்தனை பிள்ளை என்று பார்க்க வேண்டும், பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடைச் சாதனம் வைக்க வேண்டும் என்றாராம். இவள் கொடுக்கவில்லை. "இந்த அட்டை பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க. தாயைப் பிடிக்க இல்லை" என்றாளாம். அவளை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். யாரும் அவளோடு கதைக்கக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். அடுத்த மாதம் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் அவளுடைய மாட்டுக்கொட்டிலுக்கே வந்துவிட்டார்கள், நிறுக்க. மாடு பார்த்துக்கொண்டு நின்றதாம். வேறு யாரிடமும் பெண்கள் போகாததால் கடைசியில் அவளையே திரும்ப வேலைக்கு எடுத்தார்களாம்.

"உனக்குப் பயம் வரவில்லையா?"

"வந்தது. வயிற்றோட்டமே வந்தது. கஞ்சி குடித்தேன்."

வகுப்பில் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். ஆசிரியர் சிரிக்கிற தாய்மாரின் படங்களைத் திரையில் காட்டும்போது எழும்பிச் சொன்னாளாம். அவளோடு வந்த குழுத் தலைவருக்குக் கோபம். ஊருக்குப் போனபின் கேள்வி வரும் என்கிறாள். தோளை அசைத்தாள். வெங்காயக் கண்ணீரைக் கையால் துடைத்து இன்னும் எரிய வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

வார்சி போய்விட்டாள். ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்தோம், அவள் தலை என் தோளுக்குத்தான் வரும். தராசைக் கொண்டு போகிறாள். ஊரில் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களாம், அது அவர்களுடையது, தர முடியாது. தந்தாலும் நான் வாங்கியிருக்கமாட்டேன். மாதிரிக்கு அவளிடம் நிறை அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்து விளங்காவிட்டாலும் கோடு விளங்கும்.

ரயில் போனபின் கொஞ்ச நேரம் அந்தக் குளிரில் நின்றேன்.

பின்னேரம் இவர் மீன் தொழிற்சாலையில் இருந்து ஒரு பொதியோடு வந்தார். உள்ளே பழைய வில்லுத் தராசு, மீன் தொங்கவிட்டு நிறுப்பது. எறியக் கிடந்ததாம், கேட்டு வாங்கினாராம். சோடா போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன், இன்னும் கடல் மணம். நான் தைத்த காற்சட்டையை அவரே கொக்கியில் மாட்டிப் பார்த்தார்.

"கொக்கி கூர். துணி சுத்தோணும்" என்றார். சுற்றினார்.

சரி பார்க்க ஒரு கிலோ சீனிப் பக்கற் தொங்கவிட்டோம். சரி.

நவம்பர் 20, வியாழன்

ரஞ்சி வந்துவிட்டாள். முழுதாகச் சுகம் இல்லை, மருந்து தொடர வேண்டும், கிழமைக்கு ஒரு நாள் போக வேண்டும். ஆனால் யன்னல் சீலை திறந்திருக்கிறது. பிள்ளைக்கு நிறை ஏறி முகத்தில் இரண்டாவது நாடி விழுகிறது. குலம் பால் கரைக்கப் பழகிவிட்டான், ரஞ்சியைவிடக் கட்டியில்லாமல்.

படியில் என்னை நிறுத்தி, "சனிக்கிழமை எத்தினை மணிக்கு அக்கா?" என்று கேட்டாள். மெல்லிய குரல்தான். கேட்டது அவள்.

நவம்பர் 22, சனி

இரவு விழுந்த பனி முற்றம் முழுக்க. இவர் வேலைக்குப் போக முன் ஊஞ்சலடியை வழித்துவிட்டுப் போனார்.

ஊஞ்சல் காலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது, வீடுகளுக்குப் பொறுப்பான கந்தோரின் கடிதத்தாளில். யார் போய் முறையிட்டார்கள் என்று கேட்கத் தேவையில்லை. வானதியை வாசிக்கச் சொன்னேன். "ஊஞ்சல் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று வாசித்தாள்.

சரிதானே என்றேன். பிள்ளைகளைத்தான் தொங்கவிடுகிறோம்.

போன தரத்தைவிடக் கூட்டம். மறுபக்க நடைபாதைக்குப் போன குடும்பத்துப் பெண்ணும், கைக்குழந்தையோடு, என் முகத்தைப் பார்க்காமல் வரிசையில். பார்க்க வேண்டாம். பிள்ளையைத் தந்தால் போதும். எதிர்வீட்டுக் கிழவர் நாயோடு நின்று வேடிக்கை. கிர்ஸ்டன் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கஞ்சி கேட்டா, இரண்டாம் கோப்பையும் கேட்டா.

பென்சில் ரஞ்சியின் கையில். ஒவ்வொரு அட்டையிலும் புள்ளி போடுவது அவள். ஒரு பிள்ளையின் கோடு படுத்திருந்தது. ரஞ்சி தாயைப் பக்கத்தில் இழுத்துக் காதுக்குள் ஏதோ கேட்டாள். நான் தள்ளி நின்றேன்.

ரஞ்சியின் பிள்ளையின் முறை வந்தபோது சிவஞானம் அண்ணை வந்தார். தராசுக்கும் ரஞ்சிக்கும் நடுவில் நின்றுகொண்டு அறிவித்தலைக் காட்டி, கந்தோர் மறித்திருக்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று தொடங்கினார். இரண்டு பேர் பையை எடுத்தார்கள். நான் மறுமொழி சொல்ல வாயெடுத்தேன்.

ரஞ்சி பிள்ளையின் தொப்பியை இழுத்துக் காதை மூடினாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாமா, அங்கால தள்ளி நில்லுங்கோ. நிறுக்கோணும்."